ட்ரீட் கொடுத்தும் நாய் தப்பாகவே கற்றுக்கொள்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"வேகவைத்த சிக்கன் கொடுக்கிறேன், பனீர் கொடுக்கிறேன், அப்படியும் கேட்க மாட்டேன் என்கிறது" என்று புலம்புகிற வீடுகளில் குறை பெரும்பாலும் சிக்கனிலும் இருக்காது, நாயிடமும் இருக்காது. நாய் நன்றாகவே பாடம் படித்திருக்கும். உங்கள் வாய் ஒரு பாடம் நடத்தியிருக்கும், கை வேறொரு பாடம் நடத்தியிருக்கும். நாய் எப்போதும் கையின் பக்கம்தான்.

ஒவ்வொரு ட்ரீட்டும் நாய்க்கு இரண்டு சேதி சொல்கிறது. எந்த நொடியில் கிடைத்தது என்பதிலிருந்து, தான் செய்ததில் எது பலித்தது என்று அது தெரிந்துகொள்கிறது. எந்த இடத்தில் கிடைத்தது என்பதிலிருந்து, அடுத்த தடவை உடம்பை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று முடிவு செய்கிறது. முதல் சேதியைப் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால் கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இரண்டாவதில்தான் முளைக்கின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

மொபைலை நாற்காலியில் சாய்த்து வைத்து, நாய் முழுசாகத் தெரிகிற மாதிரி இரண்டு நிமிடப் பயிற்சியைப் படம் பிடியுங்கள். ஸ்லோ மோஷனில் ஓட்டிப் பாருங்கள். நாய் சரியாகச் செய்ததும் நீங்கள் சொல்கிற "யெஸ்" உங்கள் வாயிலிருந்து வந்த நொடியில் அது என்ன செய்துகொண்டிருந்தது? உங்கள் கை "யெஸ்"ஸுக்கு முன்பே ட்ரீட் பைக்குள் போய்விட்டதா? தின்னும்போது நாயின் மூக்கு எங்கே இருந்தது, பின்னங்கால்கள் எங்கே இருந்தன? முக்கால்வாசிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். கண்ணால் பார்த்து ஊகிப்பதை நம்பாதீர்கள். அரை நொடித் தாமதம் நேரில் தெரியவே தெரியாது.

"யெஸ்" என்பதை இங்கே மார்க்கர் என்று வைத்துக்கொள்வோம். கிளிக்கர் என்ற, அழுத்தினால் டிக் என்று ஒலிக்கும் சின்னக் கருவியின் ஓசையும் அதே வேலையைத்தான் செய்கிறது: "இப்போது செய்தாயே, அதற்குத்தான் தின்பண்டம் வருகிறது" என்று நாய்க்குச் சொல்வது. 1951-ல் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் விலங்குகளுக்குக் கற்றுக்கொடுப்பது பற்றி எழுதியபோது, குழந்தைகள் டிக் டிக் என்று அழுத்தி விளையாடும் சின்னத் தகரப் பொம்மையையே இதற்குப் பயன்படுத்தலாம் என்றார். 1960-களில் ஹவாயின் சீ லைஃப் பார்க்கில் விலங்குப் பயிற்சியாளர் கேரன் பிரையர் டால்பின்களோடு வேலை செய்ததும் விசிலை வைத்துத்தான். தண்ணீரை விட்டு எழும்பி அந்தரத்தில் இருக்கிற டால்பினின் வாயில் மீனைப் போட முடியாதே. விசில் அந்த நொடியைப் பிடித்து வைத்தது, மீன் பின்னால் வந்தது.

அதனால் வரிசை எப்போதும் ஒன்றுதான்: நாய் செய்கிறது, ஓசை, அதற்குப் பிறகு கை அசைகிறது. ஓசைக்கும் கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி கண்டிப்பாக வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் நாய் கையை மட்டும்தான் கவனிக்கும், ஓசை காதில் ஏறாது. "சரி", "குட்" இரண்டையும் மார்க்கராக வைக்காதீர்கள். போனில் பேசும்போது நாள் முழுக்க அவற்றைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

ட்ரீட் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், சின்ன நாய்க்கு அதிலும் பாதி. மென்மையாக, மெல்லாமல் விழுங்கக் கூடியதாக இருக்கட்டும். உப்பு, மசாலா, வெங்காயம் சேராத வெந்த சிக்கன் நன்றாக இருக்கும். பிஸ்கட் உதிரும். நாய் தரையை முகர்ந்து தூள் பொறுக்கத் தொடங்கியதும், எந்த இடத்தில் கிடைத்தது என்ற சேதி காணாமல் போய்விடும். ஒரு நாள் ட்ரீட் மொத்தமும் சாப்பாட்டு அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: உட்கார்கிறது, அடுத்த நொடியே எழுந்துவிடுகிறது

படத்தில் இரண்டில் ஒன்று தெரியும். ஒன்று, "யெஸ்" தாமதம். நாய் உட்கார்ந்தது, நீங்கள் "அட, உட்கார்ந்துவிட்டதே" என்று உணர்ந்தீர்கள், வாய் திறந்தீர்கள், அதற்குள் அதன் பின்பக்கம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. நாய்க்கு அது எழுந்ததற்கான கூலி. இதற்கு மருந்து, முழுசாக உட்காரும்வரை காத்திருக்காமல் பின்பக்கம் தரையைத் தொடப்போகும்போதே ஓசை கொடுப்பது. உங்கள் வாய் எப்படியும் கொஞ்சம் பிந்தும், இரண்டும் சரியாகிவிடும். நாய் இல்லாமல் ஒத்திகை பார்க்கலாம்: வீட்டில் யாரையாவது ரப்பர் பந்தைத் தட்டச் சொல்லி, பந்து தரையைத் தொடும் ஒவ்வொரு தடவையும் "யெஸ்" சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, ஓசை சரி, கை தப்பு. நாய்க்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, அதன் தலைக்கு மேலே ட்ரீட்டை நீட்டுகிறீர்கள். எழுந்தால்தான் எட்டும். இப்படியே பத்துத் தடவை நடந்தால், உட்கார்வதும் எழுவதும் சேர்ந்து ஒரே செயலாக அதன் மனதில் பதிந்துவிடும். ட்ரீட்டை அதன் வாய்க்கே கொண்டுபோங்கள், மூக்கு மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நெஞ்சை ஒட்டி. மோவாய் லேசாக உள்ளே மடங்கித் தின்றால் உடம்பின் பாரம் பின்னால் போகும், பின்பக்கம் தரையிலேயே இருக்கும்.

அதோடு நிறுத்தாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே அடுத்தடுத்து இரண்டு மூன்று ட்ரீட் வரட்டும். பிறகு "போ" என்று விடுவியுங்கள். "போ"வுக்கு ட்ரீட் கிடையாது. உட்கார்ந்திருந்தால் வரவு, எழுந்தால் வரவு நின்றுபோகும் என்ற கணக்கு நாய்க்கு ஒன்றிரண்டு நாளில் பிடிபட்டுவிடும்.

"படு" என்றதும் படுத்து, உடனே முழங்கையைத் தூக்குகிற நாய்க்கும் இதே மருந்துதான். முன்னங்கால்களுக்கு நடுவே தரையில் வையுங்கள்.

அறிகுறி: மேலே தாவுகிறது

பெரும்பாலும் ட்ரீட்டை உங்கள் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு யோசிக்கிறீர்கள் என்று அர்த்தம். நான்கு காலும் தரையில் இருக்கும்போது ஓசை, ட்ரீட் தரையில். அவ்வளவுதான். தலை கீழே போனால் கிடைக்கும் என்று தெரிந்த நாய் மேலே பார்க்கவே மறந்துவிடும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நாய் தாவும், நீங்கள் "கீழே" என்பீர்கள், இறங்கும், ட்ரீட் கிடைக்கும். பார்க்க நியாயமாகத் தெரிகிறது. நாய் படிக்கும் பாடமோ "முதலில் தாவு, பிறகு இறங்கு, பிறகு தின்" என்பது. தாவாத நாய்க்கு எதுவும் கிடைக்காமல் போவதுதான் இங்கே சிக்கல். எனவே வாசலில் ஆள் வந்தால் தாவுவதற்கு முன்பே, கால் தரையில் இருக்கும்போதே, வரிசையாகத் தரையில் போடத் தொடங்குங்கள். தாவிவிட்டால், இறங்கி மூன்று நொடியாவது நிற்கட்டும், அதன் பிறகு ஓசை. பாட்டி ஓரமாக நின்று தன் தட்டிலிருந்து மேலேயே ஊட்டிக்கொண்டிருந்தால் இந்த வேலை எதுவும் பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: நடக்கும்போது முன்னால் இழுக்கிறது, அல்லது காலுக்குக் குறுக்கே வருகிறது

இந்த ஒரு பிரச்சினையில்தான் இடத்தின் வலிமை முழுசாகத் தெரியும்.

நாயை இடப்பக்கம் நடத்துகிறீர்கள். வலது கைக்காரர், ட்ரீட் வலப் பையில். "யெஸ்" என்றதும் வலது கை பையிலிருந்து கிளம்பி, உங்கள் வயிற்றுக்குக் குறுக்கே நாயை நோக்கி வருகிறது. பாதி வழியில் நாய் அதைச் சந்திக்க வந்துவிடும், அதாவது உங்கள் முழங்காலுக்கு முன்னால். தலை உள்ளே வளைகிறது, பின்பக்கம் வெளியே ஒதுங்குகிறது. ஒரு வாரத்தில் அது தன்னால் உங்கள் காலுக்குக் குறுக்கே நடக்கும். நீங்கள் தடுக்கி விழப் பார்ப்பீர்கள், அதைத் திட்டுவீர்கள். அது நடப்பதோ சம்பளம் கிடைத்த இடத்தில்தான்.

பையை இடுப்பின் இடப்பக்கமோ பின்னாலோ மாற்றுங்கள். கயிறு வலது கையில், ட்ரீட் இடது கையில். பேன்ட்டின் பக்கத் தையல் இருக்கிறதல்லவா, அந்தக் கோட்டுக்கு நேராக, அல்லது அதற்கு நாலு விரல் பின்னால், நாயின் வாய் உயரத்தில் கொடுங்கள். சேலையோ வேட்டியோ கட்டியிருந்தால் இடது குதிகாலைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். நாய் உங்களை முந்திப் போய்விட்டாலும் கையை முன்னால் நீட்டாதீர்கள். கை தையலிலேயே நிற்கட்டும், நாய் பின்வாங்கி வந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் பின்வாங்கல்தான் பாடமே.

குள்ளமான நாய்க்கு ஒவ்வொரு தடவையும் குனிந்தால் இடுப்பு போய்விடும். குனியக் குனிய நாயும் முன்னால் திரும்பி முகம் பார்க்கும். நீளமான மரக்கரண்டியின் நுனியில் கெட்டித் தயிரோ வேர்க்கடலை வெண்ணெயோ தடவி, குதிகால் ஓரம் நீட்டி நக்க விடலாம். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கும்போது சைலிட்டால் என்ற இனிப்பு சேராததா என்று பாருங்கள், நாய்க்கு அது விஷம்.

இனி எந்த நொடி என்ற கேள்வி. கயிறு தொய்ந்து தொங்கும்போது ஓசை கொடுங்கள். இதைப் பலர் சரியாகச் செய்துவிட்டு, வேறோர் இடத்தில் கோட்டை விடுகிறார்கள். நாய் இழுக்கிறது, நீங்கள் நிற்கிறீர்கள், திரும்பி வருகிறது, ட்ரீட். மறுபடி இழுக்கிறது, வருகிறது, ட்ரீட். தெரு முழுக்க முன்னும் பின்னுமாகப் போய் வந்துகொண்டிருக்கும். இழுப்பதே ட்ரீட்டுக்கான முதல் படியாகிவிட்டது. திரும்பி வந்ததும் ஓசை கொடுக்காமல் நடக்கத் தொடங்குங்கள். கயிறு தொய்வாக மூன்று நான்கு அடி போன பிறகு ஓசை. அதைவிட நல்லது, இழுக்கவே இடம் கொடுக்காமல் முதல் சில நாட்கள் ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டு கொடுப்பது. கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பத்தில் எட்டுத் தடவை சரியாக வந்தால் இரண்டடிக்கு ஒன்று, பிறகு நாலடிக்கு ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டைக்கு ஓடிப் பழகிய இனங்களுக்கு இந்த முதல் கட்டம் கொஞ்சம் நீளும். தூரத்தில் ஓர் அணில் அசைந்தாலே அவற்றின் கண் அங்கே போய்விடும்.

பயிற்சியை முதலில் மொட்டை மாடியிலோ வீட்டு நடையிலோ தொடங்குங்கள். வெயிலில் தார் ரோடு சுடும்போது பாதம் எரிகிற நாய்க்கு நீங்கள் எந்தப் பக்கம் ட்ரீட் கொடுத்தாலும் ஒன்றுதான். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அறிகுறி: கூப்பிட்டால் வருகிறது, ஆனால் ஒரு கை தூரத்தில் நின்றுவிடுகிறது

நீங்கள் முன்னால் குனிந்து கையை நீட்டிக் கொடுத்திருப்பீர்கள். அதனால் கை நீள்கிற தூரமே "வந்து சேர்கிற இடம்" ஆகிவிட்டது. இன்னும் மோசமான வகை, தலையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு ஓடிவிடுவது. நிமிர்ந்து நில்லுங்கள், ட்ரீட் இருக்கும் கையை உங்கள் முழங்காலை ஒட்டி வையுங்கள். ஓசை, நாய் உங்களை நோக்கி வேகமெடுக்கும்போது. ட்ரீட், முழங்காலில் அதன் தோள் படும்போது.

பிறகு ஒரு படி கூட்டுங்கள்: முதலில் கழுத்துப்பட்டையை மெதுவாகத் தொடுங்கள், தொட்டபின் ட்ரீட். இந்த வரிசை மாறக்கூடாது. ட்ரீட்டைக் காட்டி, தின்னும்போது பட்டையைப் பிடித்தால் ட்ரீட்டே பிடிபடுவதற்கான எச்சரிக்கையாகிவிடும். கூப்பிட்டதும் கயிற்றை மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போவதும் அதே கதைதான். பல தடவை கூப்பிட்டு, கொடுத்து, மறுபடி விளையாட விடுங்கள்.

அறிகுறி: "இரு" என்றால் இருக்கிறது, நீங்கள் திரும்பி வரும்போது எழுந்துவிடுகிறது

நீங்கள் தூரத்திலிருந்தே "வா" என்று அழைத்து ட்ரீட் கொடுத்துப் பழக்கியிருக்கலாம். சம்பளம் இருக்கிற இடத்தில் இல்லை, வருகிற இடத்தில் இருக்கிறது. எனவே நாய் அங்கே கிளம்பத் துடிக்கிறது. "இரு"வைப் பழக்குகிற காலம் முழுக்க நீங்களே நடந்து போய், அது இருக்கிற இடத்தில், இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவில் வையுங்கள். வருகிற வழியில் கை பைக்குள் போகக்கூடாது. பாயிலோ சாக்கிலோ இருக்கப் பழக்கினால் ட்ரீட்டை நாயிடம் கொடுக்காமல் பாயின் மேலேயே போடுங்கள். கொஞ்ச நாளில் அது பாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும், உங்களை முறைத்துக்கொண்டு அல்ல. அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்ந்து வருகிற நாய் என்றால், ட்ரீட்டை அதன் பின்னங்கால் பக்கம் போடுங்கள்.

கிளிக்கர் ஓசை கேட்டதும் எழுந்து ஓடி வருகிறதே என்பார்கள். அந்த ஓசைக்கு வேலை முடிந்தது என்றுதான் பொருள், அதனால் எழுவது தப்பில்லை. "இரு"வுக்கு மட்டும் ஓசையே இல்லாமல் அமைதியாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அறிகுறி: காலிங் பெல் அடித்தால் குரைக்கிறது, நிறுத்தியதும் ட்ரீட்டுக்காக உங்களைப் பார்க்கிறது

தாவும் நாயின் அதே சங்கிலி. குரை, நிறுத்து, தின். பெல் அடித்த அந்த நொடியில், முதல் குரைப்புக்கு முன்பே, கதவுக்கு எதிர்ப்பக்கம் தரையில் ஒரு கைப்பிடி இறைத்துவிடுங்கள். ஆள் யாரும் வராதபோது, வீட்டில் ஒருவரையே பெல் அடிக்கச் சொல்லிப் பழக்குவது சுலபம். மூக்கு தரையில் இருக்கும்போது குரைப்பது கஷ்டம், அதோடு நாய் கதவை விட்டு விலகியும் நிற்கும்.

அறிகுறி: கையில் ட்ரீட் தெரிந்தால்தான் கேட்கிறது

அது ட்ரீட் இல்லை, லஞ்சம். கட்டளைக்கு முன்பே கை பைக்குள் போகிறதா என்று படத்தில் பாருங்கள். டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு "சிட்" சொல்லுங்கள். உட்கார்ந்ததும் ஓசை, பிறகு இருவருமாக அலமாரிக்கு ஓடுங்கள். ஓசையை நம்பக் கற்ற நாய் ஐந்து நொடி பயணத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஓசை இல்லாமல் அந்த ஐந்து நொடித் தாமதத்தைக் கொடுத்தால், அலமாரிக்கு ஓடியதற்குத்தான் ட்ரீட் என்று அது நினைக்கும்.

அறிகுறி: விரலைக் கடித்து வாங்குகிறது

நுனி விரலால் பிடித்து, பயந்து பின்னால் இழுப்பதுதான் காரணம். விரிந்த உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள், அல்லது தரையில் போடுங்கள்.

அறிகுறி: குட்டி கீழே போய் சும்மா நிற்கிறது, வீட்டுக்குள் வந்து மூத்திரம் போகிறது

அப்பார்ட்மென்டில் வளர்க்கிறவர்கள் அடிக்கடி சொல்வது. கீழே போய்விட்டு, லிஃப்டில் ஏறி, கதவைத் திறந்து, டப்பாவை எடுத்து ட்ரீட் கொடுப்பார்கள். குட்டியின் கணக்கில் அது வீட்டுக்குள் நுழைந்ததற்கான பரிசு. டப்பாவைக் கீழே கொண்டுபோங்கள். முடித்து எழும் நொடியில் ஓசை, இரண்டு நொடிக்குள் அதே இடத்தில் ட்ரீட். உட்கார்ந்திருக்கும்போதே "யெஸ்" என்றால் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவரும். மீதி வீட்டில் வரும். முடித்ததும் உடனே மேலே தூக்கிப் போகாமல் ஐந்து நிமிடம் முகர விடுங்கள்.

அறிகுறி: ட்ரீட்டைப் பார்த்தாலே ஒதுங்குகிறது

இது அரிது, ஆனால் திருத்தாவிட்டால் மிக மோசமாகும். பெரும்பாலும் நாயின் பயத்தைப் போக்கக் கிளம்பியவர்கள் வீட்டில் நடக்கும். பட்டாசு, குளியல், நகம் வெட்டுவது, எதிரில் வரும் தெரு நாய். "முதலில் சிக்கனைக் காட்டிச் சமாதானப்படுத்திவிட்டு, பிறகு நகம் வெட்டலாம்" என்று செய்திருப்பீர்கள். சிக்கன் முதலில், பயம் பிறகு. சில தடவையில் சிக்கன்தான் பயத்தின் முன்னறிவிப்பு.

வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பயப்படுகிற பொருள் முதலில், தின்பண்டம் அதன் பின்னால். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் சோதனை செய்த நாய்களுக்கும் ஓசை முந்தியே வந்தது, சோறு பிந்தியே வந்தது. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே பட்டாசு ஓசையை மொபைலில் மிகக் குறைவான ஒலியில் வையுங்கள். காது லேசாக அசையும், உடம்பு இறுகாது, அந்த அளவு போதும். ஓசை தொடங்கி ஒரு நொடி கழித்து சிக்கன். ஓசை நின்றதும் சிக்கனும் நிற்கட்டும். இங்கே நாய் எதுவும் செய்யத் தேவையில்லை, உட்காரவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். அடுத்த ஓசை எப்போது வரும் என்று யூகிக்க முடியாதபடி இடைவெளியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஓசை கேட்டதும் நாய் உங்கள் பக்கம் ஆசையாகத் திரும்பினால் ஒரு புள்ளி ஒலியைக் கூட்டலாம். சிக்கனை மறுத்தால் ஒலி அதிகம் என்று பொருள். உடனே குறையுங்கள்.

ஒதுங்குவதற்கு வேறொரு சின்னக் காரணமும் இருக்கலாம்: கிளிக்கர் ஓசையே சில நாய்களுக்குக் கூர்மையாகப் படும். துணியில் சுற்றியோ சட்டைப் பைக்குள் வைத்தோ அழுத்துங்கள். பால்பாயின்ட் பேனாவின் டிக் ஓசையும் போதும்.

நொடியும் இடமும் சரி, அப்படியும் மாறவில்லை

ஒரு வாரம் படம் பிடித்துப் பார்த்தும் இரண்டும் சரியாக இருக்கிறதா? நாய் உட்கார மறுப்பது, படுக்கும்போது ஒரு பக்கமாகவே சரிவது, மாடிப்படியில் தயங்குவது இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு இடுப்பு மூட்டையும் முதுகையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டில் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். தின்பண்டத்தை ஆவலாக வாங்கிக்கொண்டிருந்த நாய் திடீரென்று வாயைத் திருப்பிக்கொண்டால் பல்லையும் ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள். இதுவரை இல்லாதபடி ட்ரீட் பக்கம் யார் வந்தாலும் உறுமத் தொடங்கினால் கையால் ஊட்டுவதை அன்றே நிறுத்துங்கள். குழந்தைகளை விலக்கி வைத்துவிட்டு, அடிக்காமல் பயிற்சி தருகிற அனுபவமுள்ள ஒருவரை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.